பெரிய வீட்டுக்கு மெஷ் வைஃபை: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் வட்டாரங்களில் இரட்டை மாடி வரிசை வீடுகளில் வாழும் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன குறை ஒன்று உண்டு. கூடத்தில் தொலைக்காட்சி தடங்கல் இல்லாமல் ஓடும். அதே நேரத்தில் மேல்மாடிப் பின்னறையில் எஸ்பிஎம் மாணவரின் இணைய வகுப்பு நின்று நின்று வரும். சமையலறையில் பாட்டி பேசும் வாட்ஸ்அப் அழைப்பு பாதியில் அறுந்துவிடும்.

இதற்குத் தீர்வு என்று கடைகளில் முதலில் காட்டப்படுவது, இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை தொகுப்பு. சில வீடுகளில் அதை வாங்கி வைத்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் பல நூறு வெள்ளி செலவான பிறகும் பின்னறையில் வேகம் கூடுவதில்லை. குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

சிக்கல் வீட்டுக்குள் வந்துவிட்டது

டிஎம் நிறுவனம் 2010 மார்ச் 24ஆம் தேதி யூனிஃபை ஃபைபர் சேவையைத் தொடங்கியபோது, ஷா ஆலாம், சுபாங் ஜெயா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார் ஆகிய பகுதிகளுக்கே அது முதலில் கிடைத்தது. அன்று 5 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 149 வெள்ளி, 20 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 249 வெள்ளி. இணையம் மெதுவாக இருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பைக் குறை சொல்வதில் அப்போது நியாயம் இருந்தது.

2018இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் மொத்த விலைக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபின் கட்டணங்கள் குறைந்தன, வேகம் பல மடங்கு கூடியது. இன்று 100 எம்பிபிஎஸ் என்பது சாதாரணத் திட்டம். உயர்தர 4கே படத்துக்கு நெட்ஃபிலிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்பிபிஎஸ். அப்படி ஐந்து திரைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் 75 எம்பிபிஎஸ்தான் ஆகும். வாசல் வரை வரும் இணையம் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. அது பின்னறை வரை போய்ச் சேர்வதில்தான் தடை இருக்கிறது.

அந்தத் தடை பெரும்பாலும் சுவர்தான். 1881இல் நேர்ந்த தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கோலாலம்பூர் செங்கல் கட்டடங்களாக எழுந்தது. அதற்குச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. நம் நகர வீடுகள் இன்றும் செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் ஆனவை. மரப்பலகைச் சுவர் கொண்ட வெளிநாட்டு வீடுகளில் எளிதாகப் பாயும் வைஃபை அலை, இங்கே ஒவ்வொரு சுவரிலும் கணிசமாக வலுவிழக்கிறது.

இங்குள்ள வரிசை வீடுகள் பல, 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட நிலத்தில் கட்டப்பட்டவை. ஃபைபர் கம்பி முன்வாசல் வழியாக வந்து கூடத்தில் முடியும். ரவுட்டரும் அங்கேயே இருக்கும். பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால், முன்பு வெளிச்சுவராக இருந்தது இப்போது நடுச்சுவராகிவிடும். மேல்மாடிக்குப் போகும் அலை கான்கிரீட் தளத்தையும் தாண்ட வேண்டும்.

முதலில் மூன்று சோதனைகள்

பணம் செலவழிக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி இந்த மூன்றையும் செய்துவிடலாம்.

1. மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் நேராக இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். சந்தா செலுத்தும் வேகத்தைவிட இங்கேயே மிகக் குறைவாக இருந்தால், குறை சேவையிலோ மோடத்திலோ ரவுட்டரிலோ இருக்கலாம். அதைச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். மெஷ் வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

2. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று கைப்பேசியில் வைஃபை வேகத்தைப் பார்க்க வேண்டும். கேபிளில் நல்ல வேகமும் இங்கே மோசமான வேகமும் இருந்தால், ரவுட்டர் பழையதாக இருக்கலாம். அல்லது அது தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, மீன்தொட்டிக்கு அருகிலோ வைக்கப்பட்டிருக்கலாம். உலோகமும் தண்ணீரும் வைஃபை அலைக்குத் தடைகள். இடத்தை மாற்றி மறுபடியும் சோதிக்க வேண்டும்.

3. கடைசியாக அறை அறையாக நடந்து வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுவரைத் தாண்டியதும் வேகம் விழுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

முதல் இரண்டு சோதனைகளிலும் நல்ல வேகம் கிடைத்து, மூன்றாவதில் மட்டும் குறைந்தால்தான் மெஷ் உதவும்.

மெஷ் என்ன செய்யும்?

பழைய எக்ஸ்டெண்டர் கருவிகள் பெரும்பாலும் இன்னொரு பெயரில் தனி வைஃபை ஒன்றை உண்டாக்கும். கூடத்திலிருந்து மாடிக்குப் போகும்போது கைப்பேசி பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு திணறும். மெஷ் தொகுப்பில் எல்லாப் பெட்டிகளும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கும். நாம் நடக்க நடக்க, நல்ல அலை கிடைக்கும் பெட்டிக்குக் கைப்பேசி மாறிக்கொள்ளும். டிபி-லிங்க் டெக்கோ, ஏசூஸ் ஜென்வைஃபை, லிங்க்சிஸ் வெலோப் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மெஷ் புதிதாக இணையத்தை உண்டாக்குவதில்லை. வாசலுக்கு வந்ததைத்தான் வீட்டுக்குள் கடத்துகிறது. இரண்டாவது பெட்டி, முதல் பெட்டியிடமிருந்து வாங்கித்தான் பின்னறைக்குக் கொடுக்கிறது. ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பு எவ்வளவு நல்லதோ, பின்னறை வேகமும் அவ்வளவுதான்.

அந்த இணைப்பு மூன்று வகையில் அமையலாம். விலை குறைந்த இரட்டை அலைவரிசைக் கருவிகளில், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதும் நம் கைப்பேசியோடு பேசுவதும் ஒரே அலைவரிசையில் நடக்கும். அதனால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகலாம். மூன்று அலைவரிசைக் கருவிகளில் ஒன்றைப் பெட்டிகளின் பேச்சுக்கென்றே ஒதுக்க முடியும், விலை கூடுதல். மூன்றாவது வழி, பெட்டிகளை லேன் கேபிளால் இணைப்பது. சுவர்கள் அலையைத் தடுக்கும் வீடுகளில் இதுவே சிறந்தது.

70 அடி என்பது சுமார் 21 மீட்டர். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். சுவரை உடைக்க வேண்டியதில்லை. சீலிங்குக்கு மேலேயோ, சுவரோரத்தில் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளோ கொண்டுபோகலாம். கேபிள் போட்ட இரட்டை அலைவரிசைத் தொகுப்பு, கேபிள் இல்லாத விலை உயர்ந்த தொகுப்பைவிடப் பல வீடுகளில் நன்றாக வேலை செய்யும். ஒரே ஓர் அறையில்தான் குறை என்றால், மெஷ்கூடத் தேவைப்படாது. அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்தாலே போதும்.

கேபிளை வீட்டுக்கு வெளியே, பின்கட்டுக்கோ தனி அறைக்கோ கொண்டுபோவதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த பகுதி. வெளியே போகும் செம்புக் கேபிள் வழியாகப் பாயும் மின்னழுத்தம் இரு முனைக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். மின்னழுத்தத் தடுப்புக் கருவி பொருத்துவது பற்றி வயரிங் செய்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த வீட்டுக்கு எத்தனை பெட்டி?

சுமார் 700 சதுர அடி கொண்ட மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்குப் பெரும்பாலும் மெஷ் தேவையில்லை. நல்ல ரவுட்டர் ஒன்றை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வைத்தால் போதும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடிகளில் அண்டை வீட்டு வைஃபைகளின் நெரிசலே பெரிய தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். அங்கே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே முதல் வேலை.

இரட்டை மாடி வரிசை வீட்டுக்கு இரண்டு பெட்டிகளில் தொடங்கலாம்: ஒன்று கூடத்தில், மற்றொன்று மேல்மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில். நீட்டிய சமையலறை இருந்தால் மூன்றாவது தேவைப்படலாம். செமி-டி, பங்களா வீடுகளுக்கு மூன்று அல்லது அதற்கு மேல். கேபிள் இல்லாவிட்டால், இரண்டாவது பெட்டியை அலை கிடைக்காத அறையிலேயே வைப்பது தவறு. நல்ல அலை இன்னும் கிடைக்கும் பாதி வழியில் வைத்தால்தான் அதற்கும் ஏதாவது கிடைக்கும், அது பின்னறைக்கும் கொடுக்கும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

ஏசி1200, ஏஎக்ஸ்3000 போன்ற எண்கள் எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிச் சொல்பவை. ஏஎக்ஸ்3000 என்பது பொதுவாக 574உம் 2402உம் சேர்ந்த கூட்டுத்தொகை. ஒரு கைப்பேசிக்கு அந்த வேகம் முழுதும் கிடைக்காது. இத்தனை சதுர அடிக்குப் போதும் என்ற கணக்கையும் செங்கல் வீட்டுக்கு அப்படியே நம்ப முடியாது.

வைஃபை 5 இன்னும் வேலை செய்யும் என்றாலும், புதிதாக வாங்குவோர் வைஃபை 6 கருவியைத் தேர்ந்தெடுப்பது நியாயமானது. பல கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் வீட்டில் அதன் பயன் தெரியும். 6இ, 7 ஆகியவற்றில் கிடைக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மேலும் பலவீனமானது. அதை ஏற்கும் கைப்பேசி வீட்டில் இல்லையென்றால் அந்தக் கூடுதல் விலைக்கு உடனடிப் பயன் குறைவு.

லேன் துளையையும் பார்க்க வேண்டும். சில மலிவான மெஷ் பெட்டிகளில் அது 100 எம்பிபிஎஸ் வரைதான். 300 அல்லது 500 எம்பிபிஎஸ் சந்தா கட்டும் வீட்டுக்கு அது வீண். கிகாபிட் துளை என்று எழுதியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்பதும் முக்கியம். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு இறக்குமதிக் கருவிகளுக்கு உள்ளூர் உத்தரவாதம் இல்லாமல் போகலாம்.

சேவையோடு பொருந்துமா?

பலர் தடுமாறும் இடம் இது. யூனிஃபை இணைய இணைப்பு விலேன் எண் 500 வழியாகவும், டிஎம் கம்பியில் வரும் மெக்சிஸ் ஃபைபர் எண் 621 வழியாகவும் வருகின்றன. சேவை நிறுவனத்தின் ரவுட்டரை எடுத்துவிட்டு மெஷ்ஷை நேராக மோடத்தில் இணைப்பவர்கள், இந்த எண்ணைப் பதிவுசெய்யும் வசதி அதில் உள்ளதா என்று கடையில் கேட்க வேண்டும். எளிய வழி, பழைய ரவுட்டரை அப்படியே விட்டு, மெஷ்ஷை அக்சஸ் பாயிண்ட் முறையில் வைப்பது. அப்போது பழைய ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

சேவை நிறுவனமே மாதக் கட்டணத்தோடு மெஷ் தரும் திட்டங்களும் உண்டு. மாதம் 10 வெள்ளி கூடுதல் என்றால், 24 மாத ஒப்பந்தத்தில் 240 வெள்ளி. அந்தத் தொகையைக் கடை விலையோடு ஒப்பிட்டு, ஒப்பந்தம் முடிந்தபின் கருவி யாருக்குச் சொந்தம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டப்புற வீடுகளுக்கு

ஃபைபர் கம்பி வராத தோட்டங்களில் மெஷ் வாங்குவதால் பயனில்லை. அங்கே 4ஜி அல்லது 5ஜி சிம் அட்டை போடும் ரவுட்டரை, கோபுரத்தை நோக்கிய ஜன்னலருகே உயரமாக வைப்பதே முதல் படி. வாங்கும் முன் எந்த நிறுவனத்தின் அலை வீட்டில் நன்றாகக் கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளில் பார்த்துக்கொள்ளலாம். 2023 முதல் மலேசியாவில் கிடைக்கும் ஸ்டார்லிங்க் துணைக்கோள் சேவை இன்னொரு வழி என்றாலும், அதன் கட்டணம் கூடுதல். வீட்டுக்கு இணையம் வந்து சேர்ந்த பிறகே, அதைப் பரப்புவது பற்றி யோசிக்க வேண்டும்.

ரசீது பத்திரம்

புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் வாங்கினாலும், தாமான் கடையில் வாங்கினாலும், வீட்டுக்கு ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். சொன்னபடி வேலை செய்யாத கருவிக்கு விற்பனையாளர் பொறுப்பேற்க மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் 3 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, உத்தரவாத அட்டை, விற்பனையாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் மனு செய்வது எளிது.