ஹட்செரிம் கிபுட்ஸ்

இஸ்ரேலின் நெகேவ் பாலையில், பீர்ஷேபா நகருக்கு மேற்கே அமைந்த கூட்டுடைமைக் குடியிருப்பு. 1946 அக்டோபரில், யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவில், யூத அமைப்புகள் நெகேவில் ஒரேசமயத்தில் நிறுவிய 11 குடியிருப்புகளுள் ஒன்று. பாலஸ்தீனம் பிரிக்கப்பட்டால் தெற்கு கைநழுவிவிடக் கூடாது என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். நெகேவ் ஆளற்றுக் கிடக்கவில்லை. பெதூயின் அரபுக் குடிகள் ஆடும் ஒட்டகமும் மேய்த்து, மானாவாரியாக வாற்கோதுமை விதைத்து வாழ்ந்துவந்தனர். 1948 போரின்போதும் அதன் பின்னும் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறினர், அல்லது வெளியேற்றப்பட்டனர். ஹட்செரிமின் கதையை இதை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது.

குடியேறியவர்களுக்குக் கிடைத்ததோ உவர்மண். 1950களின் இறுதியில், ஊரைக் கைவிடலாமா என்று உறுப்பினர்கள் வாக்கெடுத்தனர், இருப்பதென்று முடிவாயிற்று. நீரை நிறையப் பாய்ச்சி, உப்பை அடிமண்ணுக்கு இறக்கி, நிலத்தைத் திருத்தினர். விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதால் ஒரு தொழிலையும் தேடினர்.

1965இல் அது பொறியாளர் சிம்ஹா பிளாஸ் வழியாக வந்தது. 1940களில் நெகேவுக்குக் குழாய்நீர்த் திட்டம் வகுத்தவர் அவர். நீர் கசிந்த இடத்தருகே ஒரு மரம் மட்டும் தனித்துச் செழித்ததை 1930களில் கண்டு, அதை மனத்தில் வைத்திருந்தார். நெகிழிக் குழாய்கள் பரவிய பிறகே எண்ணம் கைகூடியது. நுண்துளை இட்டால் மண்துகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே நீரை நீண்ட சுருள்வழியில் சுற்றவிட்டு, வேகம் தணிந்து சொட்டாக விழச் செய்தார். அவருடன் சேர்ந்து ஹட்செரிம் தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனம் 1966இல் உற்பத்தியில் இறங்கியது. இன்று தமிழக உழவர்களும் அறிந்த சொட்டுநீர்ப் பாசனம் வணிக அளவில் பரவியதில் அதன் பங்கு பெரிது.

கூலிக்கு ஆள் வைப்பது கிபுட்ஸ் கொள்கைக்கு முரண். கொள்முதல் ஆணைகள் குவிந்தபோது ஹட்செரிம் வெளியாட்களை அமர்த்தவில்லை. மகால், யிஃப்தாஹ் என்னும் வேறு இரு கிபுட்ஸ்களைப் பங்காளிகளாக்கியது. அதன் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க முடிவு இதுவே. பின்னாளில் நிறுவனம் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. 2011இல் பெரும்பங்கு பெர்மிரா முதலீட்டு நிறுவனத்திடம் சென்றது. 2017 ஒப்பந்தப்படி 80 விழுக்காடு மெக்சிகோவின் மெக்சிகெம் வசமானது. ஹட்செரிமிடம் எஞ்சியது 20 விழுக்காடு.

1980களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலான கிபுட்ஸ்கள் படிப்படியாக ஆளுக்கொரு சம்பளம் என்ற முறைக்கு மாறின. ஹட்செரிம் பொதுவருவாய் முறையை விடவில்லை. வயல்களில் ஹோஹோபா செடி சொட்டுநீரில் வளர்கிறது. அதன் விதையெண்ணெய் அழகுசாதனத் தயாரிப்புக்குப் போகிறது.