அட்லாண்டிக்கைக் கடந்த மலிவு டிக்கெட்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பன்னாட்டு விமானக் கட்டணத்தில் பேரத்துக்கு இடமே இல்லை. 1945 ஏப்ரலில் கியூபாவின் ஹவானா நகரில் ‘ஐயாட்டா’ எனப்படும் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் உருவானது. மறு ஆண்டு அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கட்டணத்தை இந்தச் சங்கத்தின் கூட்டங்களில் விமான நிறுவனங்களே கூடிப் பேசி முடிவு செய்யும்; இரு அரசுகளும் ஒப்புதல் தரும். மற்ற நாடுகளும் இதே வழியைப் பின்பற்றின. லண்டனிலிருந்து நியூயார்க் போகிறவர் எந்த உறுப்பு நிறுவனத்தில் ஏறினாலும், அந்தந்த வகுப்புக்கு ஒரே விலைதான்.

விலையில் போட்டி போட முடியாத நிறுவனங்கள் உபசரிப்பில் போட்டி போட்டன. சங்கம் அதற்கும் கடிவாளம் போட்டது. 1958-இல் எகானமி வகுப்பு அறிமுகமானபோது, அந்த வகுப்புப் பயணிகளுக்கு எளிமையான, சூடில்லாத, விலை குறைந்த சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், தன் பகுதி வழக்கப்படி ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் அடுக்கிப் பரிமாறியது. இதற்குப் பெயர் சாண்ட்விச் அல்ல, முழுச் சாப்பாடு என்று அமெரிக்க நிறுவனங்கள் புகார் செய்தன. எஸ்ஏஎஸ் அபராதம் கட்ட நேர்ந்தது. ஒரு ரொட்டித் துண்டையே இவ்வளவு இறுக்கமாக அளந்தவர்கள், டிக்கெட் விலையை எப்படிக் கட்டிக்காத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அரணில் முதல் வழியைத் திறந்தது ஐஸ்லாந்தின் லோஃப்ட்லெய்டிர் நிறுவனம். 1944-இல் தொடங்கப்பட்ட இது ஐயாட்டாவில் சேரவில்லை. நியூயார்க்கில் புறப்படும் விமானம் ஐஸ்லாந்தில் இறங்கி, 1955 முதல் அங்கிருந்து லக்சம்பர்க் சென்றது. பெரிய நாடுகள் மலிவுக் கட்டணத்தைத் தங்கள் ஊர்களில் அனுமதிக்கத் தயங்கியபோது, சின்னஞ்சிறு லக்சம்பர்க் இடம் கொடுத்தது. 1960-களில் மற்றவர்கள் ஜெட் விமானத்தில் பறக்க, லோஃப்ட்லெய்டிர் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) விமானங்களையே ஓட்டியது. வேகம் குறைவு, விலையும் குறைவு என்பதையே விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் இதில் குவிந்தார்கள். ‘ஹிப்பி விமானம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பாரிஸ் போக விரும்பியவரும் லக்சம்பர்க்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தார். முதலில் விலை, பிறகு பாதை என்ற பயணத் திட்டம் இங்கே வேரூன்றியது.

இன்னொரு வழி வாடகை விமானம். ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் சேர்ந்து முழு விமானத்தையும் அமர்த்திக்கொண்டால், ஐயாட்டா கட்டணம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. பயணம் செய்பவர் ஆறு மாதமாவது அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மலிவுப் பயணத்துக்காகவே பெயரளவில் சங்கங்கள் முளைத்தன. உறுப்பினர் அட்டைகளில் பழைய தேதியிட்டு எழுதுவது வழக்கமானது. 1973-இல் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, முன்கூட்டியே பதிவு செய்தால் யாரும் வாடகை விமானத்தில் போகலாம் என்ற முறை வந்தது. இதற்கிடையே லண்டனில் சிறு முகவர் கடைகள் பெருகின. நிரம்பாத இருக்கைகளை நிறுவனங்களே இவர்களிடம் ஓசையில்லாமல் தள்ளிவிட்டன. அந்த முகவர்கள் அவற்றை ஐயாட்டா விதித்த விலைக்குக் கீழே விற்றார்கள்.

மறைவில் நடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர். முன்பதிவே இல்லாமல், அன்றன்றைக்கு டிக்கெட் விற்று அட்லாண்டிக்கைக் கடக்கும் ‘ஸ்கைட்ரெயின்’ சேவைக்கு அவர் 1971-இல் விண்ணப்பித்தார். அரசு கொடுத்த அனுமதியைப் பின்வந்த அரசு முடக்கியது. லேக்கர் நீதிமன்றம் ஏறி வென்றார். 1977 செப்டம்பர் 26 அன்று லண்டனின் கேட்விக் விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் விமானம் கிளம்பியது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. சாப்பாட்டுக்குத் தனிக் காசு. இடம் கிடைக்குமா என்பது வரிசையில் நின்றால்தான் தெரியும். 1978 கோடையில் டிக்கெட்டுக்காக நடைபாதையில் இரவு தங்கிக் காத்திருந்தார்கள். கடல் கடப்பதைக் கனவிலும் நினைக்காத எளிய குடும்பங்களுக்கு இந்த விலை ஒரு கண்டத்தையே திறந்துவிட்டது. பெரிய நிறுவனங்களும் வேறு வழியின்றிக் காத்திருப்போர் கட்டணம், முன்கூட்டியே வாங்குவோர் கட்டணம் என்று இறங்கிவந்தன.

ஆனால் கடனும், எதிராளிகளின் விலைக் குறைப்பும் லேக்கரை நெருக்கின. 1982 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் மூழ்கியது. கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். மலிவு டிக்கெட்டில் மறைந்திருக்கும் இந்த ஆபத்து பிறகும் விலகவில்லை. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் ஒரே நாளில் நின்றுபோனது இன்னொரு சான்று.

லேக்கர் விழுந்தாலும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. 1978-இலேயே அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஐரோப்பா படிப்படியாகத் தளர்த்தி, 1997-இல் முழுவதுமாகத் திறந்துவிட்டது. மலிவுக் கட்டண நிறுவனங்களான ரயன்ஏரும் ஈஸிஜெட்டும் அந்தச் சூழலில் வளர்ந்தவை. ஒரே ரக விமானம், கட்டணம் குறைந்த புறநகர் விமான நிலையம், தரையில் குறைந்த நேரம், பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனி விலை என்பதே அவற்றின் கணக்கு. 2001-இல் மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸ் கடனில் கிடந்த ஏர்ஏஷியாவை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கி, இதே கணக்கை மலேசியாவில் நடத்திக் காட்டினார். இந்தியாவில் அந்நிறுவனம் முதலில் இறங்கிய ஊர் திருச்சி. 2008 டிசம்பரில் கோலாலம்பூர் சேவை தொடங்கியது. உறவினரைப் பார்க்கவும் பிழைப்புக்கும் மலேசியா போய்வரும் தமிழர்களுக்கு அது நேரடியாகப் பயன்பட்டது.

ஒரே விலை என்ற ஒழுங்கு கலைந்ததும், குறைந்த விலையைத் தேடிப் பிடிப்பதே தனி வேலையானது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் 1960-களில் உருவாக்கிய ‘சேபர்’ கணினி, இருக்கைகளின் நிலவரத்தை நொடியில் காட்டியது. அதன் துணையோடு நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளில் பிரித்து விற்கக் கற்றன. முன்பே வாங்குகிறவருக்கும், சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்குகிறவருக்கும் குறைந்த விலை; அவசரமாகப் போகும் வணிகருக்கு உயர்ந்த விலை. 1990-களின் பிற்பாதியில் இணையம் இந்த விலைகளைப் பயணி கண்முன்னே வைத்தது. 1996-இல் எக்ஸ்பீடியா என்ற பயணப் பதிவுத் தளம் வந்தது. அடுத்து எடின்பரோவில் பிறந்த ஸ்கைஸ்கேனர் போன்ற தேடுபொறிகள், பல நிறுவனங்களின் விலையை ஒரே பக்கத்தில் அடுக்கின. போகும் ஊரைக் குறிப்பிடாமலே, ஒரு மாதம் முழுவதிலும் எந்த நாள் மலிவு, எந்த ஊர் மலிவு என்று தேட முடிந்தது.

இன்று மலிவு டிக்கெட்டை மையமாக வைத்துத் திட்டமிடுகிறவர் செய்வதெல்லாம் இந்த வரலாற்றில் முன்பே நடந்தவைதான். பயணத் தேதியை ஒன்றிரண்டு நாள் நகர்த்துவது, பக்கத்து ஊர் விமான நிலையத்தில் இறங்குவது, வழியில் ஓர் ஊரில் தங்கிச் செல்வது, பெட்டியைச் சுருக்குவது எல்லாமே விலைக்கு ஈடாகப் பயணி கொடுப்பவை. தனித்தனியே வாங்கிய இரு டிக்கெட்டுகளில் முதல் விமானம் தாமதமானால், அடுத்ததைத் தவறவிட்ட நட்டம் பெரும்பாலும் பயணியின் தலையில்தான் விழும். ஆகவே இடைவெளி நேரத்தைத் தாராளமாக வைப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. பெட்டிக் கட்டணம், விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் செலவு, இடையில் தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகும் குறைவாக இருப்பதே உண்மையான மலிவு டிக்கெட்.