கொயினாவும் பருப்பும்

1934ஆம் ஆண்டில் இலங்கையின் தென்மேற்குப் பகுதியிற் பருவமழை பொய்த்தது. புரண்டோடும் மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாய்த் தேங்கின. மலேரியா நுளம்புக்கு அக்குட்டைகளே தொட்டிலாயின. அந்நோய்க்குப் பழக்கப்படாத ஈரவலயத்து மக்கள் கூட்டங் கூட்டமாகச் சாய்ந்தனர். 1935இலும் நீடித்த அக்கொள்ளை நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை மாவட்டமே மிகக் கொடிய அடியைத் தாங்கியது.

அரசாங்கம் கொயினா வழங்கியது. ஆனால், கொயினா மட்டும் போதுமா? இக்கேள்வியை எழுப்பியோர் கிராமங்களுக்கு நேரிற் சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள். நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பி மலருக்கெதிராகப் பூவரசம்பூவை விற்று, ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அப்பணியில் முன்னின்றனர்.

குடிசைகளுள் அவர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமன்று, பசியையுங் கண்டனர். பசித்த உடலில் நோயை எதிர்க்கும் வலு ஏது? ஆகவே மருந்தோடு பருப்பையுஞ் சுமந்து சென்றனர். மார்மைட்டை நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர். மக்கள் நம்பும் வடிவிலேயே மருந்து அவர்களை அடைந்தது. பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர்.

இத்தொண்டே கொள்ளை நோயை நிறுத்தியது என்பது மிகை. எனினும், நோயின் வேர் வறுமையில் உள்ளது என்பதை அது நாடறியச் செய்தது. 1936இல் ருவான்வெல்லை மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினர். தானம் பெற்றவர்கள் தம் உரிமையைக் கேட்கத் துணிந்தனர்.

பின்னர் டி.டி.ரி. வந்தது. வீடு வீடாக மருந்து தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதென்று தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புந் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மருந்து தெளிப்பவர் வரும்போது கதவைத் திறந்துவிடுவது மட்டுமே மக்களின் பங்கு என்றிருந்தால், அவர் வராத நாளில் நோயைக் காவல் காப்பவர் யார்?

மலேரியாவை ஒழிக்க மேலும் பல்லாண்டுகள் சென்றன. காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தைப் பரிசோதிக்கும் பணி போர்க்காலத்திலும் நடைபெற்றது. உள்நாட்டிற் தொற்றிய கடைசி நோயாளர் 2012இற் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆயினும் நுளம்பு அழிந்துவிடவில்லை. வெளிநாடு சென்று திரும்புவோருடன் நோய்க்கிருமி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. சுகாதாரத் திட்டங்களில் மக்களைக் கூலியற்ற ஏவலாளராக மட்டும் கருதுவோர் கேகாலையை நினைவுகூர வேண்டும். குடிசைக்குட் சென்று, ‘இன்று என்ன உண்டீர்கள்?’ என்று கேட்பதிலிருந்தே பொதுச் சுகாதாரம் தொடங்குகிறது.