எழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கும்



உங்களில் பலர் தரமணி, சிறுசேரி என்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். "கிராஸ்கட்டிங் கன்சர்ன்" என்று நீங்கள் பேசிக்கொள்ளும் விஷயத்துக்கு நம் தமிழ் எழுத்தே நல்ல உதாரணம். மற்றவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பள்ளிக்கு ஒரு மென்பொருள் என்றால் சேர்க்கை, வருகை, மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ் எனத் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். சில தேவைகள் மட்டும் எந்தப் பகுதிக்குள்ளும் அடங்காமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். எழுத்து அப்படிப்பட்டது.

1990களில் மயிலாப்பூர், தி.நகர் டிடிபி கடைகளில் தமிழ் என்றால் எழுத்துரு மட்டும்தான். தாளில் அழகாக விழுந்தால் போதும். அன்றைய எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்கு. நம் 247 எழுத்துகளுக்கு இடம் ஏது? அதனால் கொம்பு, கால் என்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. அச்சு நன்றாகவே வந்தது. ஆனால் தேடுவது, அகரவரிசையில் அடுக்குவது, வேறு கணினிக்கு அனுப்புவது எல்லாமே சிக்கலாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்ற சொல்லே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும்.

1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாட்டில் அறிஞர்கள் இதைப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையிலேயே தமிழ்நெட் 99 நடந்தது. அதன் பயனாக அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. 1991லேயே ஒருங்குறியில் தமிழ் இடம் பெற்றிருந்தாலும், அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்குள் எத்தனை கோப்புகள் எத்தனை முறைகளில் சேர்ந்துவிட்டன!

அதே 1997இல்தான் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் கிரிகோர் கிக்சாலெஸ் குழுவினர், நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இத்தகைய தேவைகளை ஓரிடத்தில் எழுதும் வழியை வெளியிட்டார்கள். 2002 வாக்கில் வேறு சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி முன்னே போய், நிரல் எழுதும் முன்பே, தேவைகளைக் கேட்டறியும்போதே இவற்றைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண் பட்டியல் போல ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வேலைகள்: பதிவு, தேடல், அச்சு, அனுப்புதல். மேலே தேவைகள்: மொழி, பாதுகாப்பு, தேதி, வேகம். எது எதைத் தொடுகிறதோ அங்கே டிக் அடியுங்கள். எந்தப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை டிக் விழுகிறதோ, அதை முதல் நாளே தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒருங்குறி வந்தும் இந்த வேலை ஓயவில்லை. பெயர்களை வெறும் குறியெண் வரிசையில் அடுக்கினால் "ன" எழுத்து "ப"வுக்கு முன்னால் வந்து நிற்கும். நாம் படித்த நெடுங்கணக்கில் அதுதான் கடைசி மெய். கேட்காமல் விட்டால் வருகைப் பதிவேடே தப்பாகும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய சி.டி.யில் தாத்தாவின் கட்டுரையோ, குடும்ப வரலாறோ பழைய எழுத்துருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். அந்த எழுத்துருவை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.