96 ஆடும் ஒரு கியூஆர் கோடும்



தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனவங்க சுவர் முழுக்க எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஏதோ ஸ்தோத்திரம்னு நினைச்சு கும்பிட்டுட்டு வந்துடுவோம். அதில் பெரும்பகுதி நன்கொடைக் கணக்கு! 1010-ஆம் ஆண்டு வாக்கில் ராஜராஜ சோழன் தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகளும் அதிகாரிகளும் கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டச் சொன்னார். நகை என்றால் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்த பொன் எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை என்பது வரைக்கும் இருக்கு.

விளக்குக் கணக்கு இன்னும் கறார். ஒரு விளக்கு எரிய 96 ஆடு. அதை எந்த இடையரிடம் ஒப்படைச்சாங்களோ அவர் பெயர். அவர் தினமும் அளக்க வேண்டியது ஓர் உழக்கு நெய். ஆடு செத்தாலும் கணக்கு சாகாது. இப்படிக் கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்றே சொல்லும்.

நம்ம பீடோர் வட்டார எஸ்டேட்டுகளில் கல் வெட்ட யாரிடம் காசு இருந்தது? சம்பள நாளில் கோயில் சந்தா வாங்கியவர் கையில் ஒரு நோட்டு, அவ்வளவுதான். திருவிழா முடிஞ்சதும் பூவுக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவுன்னு வாசிப்பாங்க. சண்டையும் வரும். ஆனா காசு வாங்கியவர் பக்கத்து லயத்தில்தான் குடியிருப்பார், எங்கேயும் ஓட முடியாது. வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய போலீஸ் உரிமம் வேணும்னு 1947-லேயே நம்ம நாட்டில் சட்டமும் வந்துடுச்சு.

இப்போ வாங்குறவர் முகமே தெரியலை. திருப்பதி தேவஸ்தானம் 2023 ஏப்ரலில் ஒரு போலி இணையதளத்தைக் கண்டுபிடிச்சு புகார் கொடுத்தது. அது 41-வது போலி. உண்மையான முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் போலியில் சின்னக் கோடு, கடைசியில் 'இன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்க்'. வித்தியாசம் அவ்வளவுதான். அதே வருஷம் டிசம்பரில் அயோத்தி கோயில் பெயரைச் சொல்லி கியூஆர் கோடு அனுப்பி வசூல் நடக்குது, யாரும் ஏமாறாதீங்கன்னு விஸ்வ ஹிந்து பரிஷத் எச்சரித்தது.

நம்ம கோயிலுக்கு வரும் வயசான அம்மா ஒருத்தர், பழைய கோயில் இடிஞ்சு விழுதுன்னு ஃபேஸ்புக் விளம்பரத்தில் பார்த்துட்டு 200 வெள்ளி அனுப்பிட்டாங்க. பேங்க் கணக்கு யாரோ தனி ஆள் பெயரில். அடுத்த வாரம் நம்ம பசங்க அன்னதான ரசீது புத்தகத்தோட போனப்போ, "நீங்களும் அந்த மாதிரிதானா தம்பி?"ன்னு கேட்டிருக்காங்க. போன 200 வெள்ளியை விட இந்தக் கேள்விதான் எங்களுக்கு வலிச்சது.

அதனால விளம்பரத்தில் அழுகிற பிள்ளை படமோ சாமி படமோ வந்தா, முதலில் கணக்கு யார் பெயரில்னு பாருங்க. சங்கம்னா பதிவு எண் கேளுங்க. "இன்னைக்கே அனுப்பணும்"னு அவசரப்படுத்தினா அங்கேயே நிறுத்துங்க. அதே படம் வேற ஊர், வேற பெயரிலும் சுத்தும், தேடிப் பாருங்க. போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டா, முன்னாடி புகார் வந்திருக்கான்னு காட்டும். புகார் இல்லைன்னு வந்தாலும் நல்லவன்னு அர்த்தம் இல்லை, கணக்கு புதுசா இருக்கலாம். பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே 997-க்குப் போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க.

நம்ம கோயில் ரசீதும் வரவு செலவு நோட்டும் ஆபீஸ் மேசையில்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு யார் வேணும்னாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.