ஒரு பொலிகாளை வைத்துச் சென்ற வரவும் செலவும்

நல்ல விதைநெல்லை அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பதுபோல, நல்ல மாட்டின் கன்றை இனவிருத்திக்கு நிறுத்துவதும் உழவர்களின் பழைய வழக்கம். இவ்வழக்கத்தைத் திட்டமான முறையாக்கியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல் (1725–1795). நெருங்கிய உறவுள்ள ஆடுமாடுகளை இணைத்து, வேண்டிய பண்புகளை அவர் விரைவில் நிலைநிறுத்தினார். ஆனால் உறவுக்குள்ளேயே இணைத்துக்கொண்டு போனால் சினை பிடிப்பது குறைகிறது, கன்றுகள் நலிகின்றன. உறவின் நெருக்கத்தை எண்ணால் அளக்கும் வழியை 1922-இல் அமெரிக்க அறிஞர் சீவல் ரைட் வகுத்தளித்தார்.

அதுவரை ஒரு காளையின் செல்வாக்கு சுற்றுவட்டாரத்தோடு நின்றது. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ் குழுவினர், கிளிசரின் சேர்த்தால் உயிரணுக்கள் உறைநிலையைத் தாங்கும் எனக் கண்டனர். 1951-இல் உறைவிந்துவால் முதல் கன்று பிறந்தது. அதன்பின், மாண்டுபோன காளையும் கடல் கடந்து கன்றுகளுக்குத் தந்தையாகலாம் என்றாயிற்று!

இவ்வசதியின் முழுப் பயனையும் பெற்றது, 1962-இல் அமெரிக்காவில் பிறந்த 'பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்' என்ற காளை. நம் ஊர்க் கலப்பினப் பசுக்கள் பலவற்றிலும் கலந்துள்ள கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் இனம் அது. சீஃபின் மகள்கள் பால் மிகுதியாகக் கறந்தன. எனவே எல்லோரும் அதன் விந்துவையே கேட்டனர். மகள்கள் ஏறத்தாழ 16,000; பேத்திகள் 5 லட்சத்துக்கும் மேல்; கொள்ளுப் பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். பிற்கால ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபுப்பொருளில் சுமார் 14 விழுக்காடு இந்த ஒரு காளையிடமிருந்து வந்ததே.

அந்த மரபுப்பொருளில் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக அமைகிறது. சீஃபின் ஒரு மரபணுவில் ஒரு படி பழுது, மற்றொன்று நல்லது. ஆதலால் காளைக்குத் தீங்கில்லை. ஆனால் அதன் வழிவந்த காளையும் பசுவும், இரண்டுமே அப்பழுதைச் சுமந்து இணைந்தால், நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு பழுதுப் படிகளும் சேரும். அக்கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். 'சினை ஊசி நிற்கவில்லை' என்று மட்டுமே உழவர் நினைப்பார்.

இது வெளிப்பட்ட விதம் வியப்பானது. 2011-இல் அமெரிக்க வேளாண்துறை அறிஞர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபுக்கூறுகளை ஆராய்ந்தனர். சில கூறுகளை ஒற்றைப் படியாகச் சுமந்த மாடுகள் பல இருந்தன. இரட்டைப் படியாகச் சுமந்த மாடு ஒன்றுகூட இல்லை. இருக்கவேண்டியவை ஏன் இல்லை? அவை பிறக்கவே இல்லை! அக்கூறுகளுள் ஒன்று சீஃபிடம் போய்ச் சேர்ந்தது. 2016-இல் வெளியான ஆய்வு, உலகெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இதனால் அழிந்தன, இழப்பு சுமார் 42 கோடி டாலர் எனக் கணக்கிட்டது. அதே காளையின் வழியே பெருகிய பாலின் மதிப்போ 3,000 கோடி டாலர்!

அப்படியானால் சீஃபைத் தேர்ந்தது தவறா? இல்லை. ஒளிந்த குறை இல்லாத உயிரினம் அரிது. ஒரே காளையிடம் அளவுக்கு மீறிச் சாய்ந்ததுதான் பிழை. 2015-இல் மற்றோர் ஆய்வு, அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் ஆண்வழி அனைத்தும் 1880 காலத்துக் காளைகள் இரண்டில் முடிவதைக் காட்டியது. மற்ற ஆண்வழிகள் மறைந்துவிட்டன.

இதற்கு மாற்று உண்டு. 1997-இல் மேவிசன் என்பவர் வகுத்த முறையில் பாலின் அளவோடு உறவின் நெருக்கமும் கணக்கில் சேர்கிறது. உட்கலப்பு வரம்பு மீறாதபடி, எந்தக் காளை எவ்வளவு கன்றுகளுக்குத் தந்தையாகலாம் என்பதைக் கணக்கே சொல்கிறது. இன்றைய பாலில் சிறிது குறையலாம். நாளைய தேர்வுக்கு வேறுபாடு மிஞ்சும். மறைந்த ஆண்வழிகள் சிலவும் கிடங்கில் இருந்த பழைய உறைவிந்துவால் மீண்டும் கன்றுகளாய்ப் பிறந்துள்ளன.

சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது அறிவு. ஆனால் பத்தாயம் முழுவதையும் ஒரே கதிரின் நெல்லால் நிரப்பாமல் இருப்பதும் அறிவே.