இடம்பெயர்க்க முடியாத குடிசை

முட்டுக்காடு தட்சிணசித்ராவைச் சுற்றிப் பார்க்கையில் என் கண் கிணற்றடியையே தேடியது. வானம் பார்த்த ஆண்டிபட்டிக்காரனுக்கு அப்படித்தான். 1996இல் திறக்கப்பட்ட இவ்வளாகத்துப் பழைய வீடுகள் பலவும் ஊர்களில் பிரித்தெடுத்து, தூணும் உத்தரமும் ஓடுமாக ஏற்றிவந்து, திரும்ப நிறுத்தப்பட்டவை. 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸ் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது கையாண்ட முறையும் இதுதான்.

இந்த முறைக்குள்ளேயே ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. எதைப் பிரித்து லாரியில் ஏற்றலாம்? தேக்கை, கருங்கல்லை, ஓட்டை. மண்சுவரையும் ஓலைக்கூரையையும் பிரித்தால் மிஞ்சுவது மண்தானே! யார் வீடு வரலாறாகும் என்பதைச் சதி எதுவும் தீர்மானிக்க வேண்டியதில்லை. கட்டுமானப் பொருளே தீர்மானித்துவிடுகிறது. அந்தப் பொருள் யாருக்குக் கிடைத்தது என்பதைத் தீர்மானித்தது நில உறவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணை என்பது ஏரும் மாடும் குதிரும் மட்டுமல்ல. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமைமீது ஆண்டை கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. காணி நிலம்கூடக் கொடுக்கவில்லை. அடிமை, கடன்பட்ட பண்ணையாளாக அதே வயலில் நின்றான்.

எங்கள் பக்கத்துக் கமலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாடு, வடம், உருளை, தோல் பொருத்திய சால். பார்க்க அழகான பொறிதான். பல ஊர்களில் அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம். அவர்கள் கை அந்தத் தண்ணீரில் படக்கூடாது. கமலையை மட்டும் காட்சிக்கு வைத்தால் இந்த முரண் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும்.

சொல்லிக்காட்டிய இடமும் உண்டு. அமெரிக்காவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் வளாகத்தில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். கறுப்பின உரிமை அமைப்பினரே எதிர்த்தார்கள், வலியைக் கேளிக்கையாக்குவதா என்று. நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தச் சண்டை வந்ததே ஒரு வரலாற்று வேலைதான். மௌனமான திண்ணையால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

குடிசையைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. பேச்சைக் கொண்டுவரலாம். பம்புசெட்டு வருமுன் கமலை ஓட்டியவர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். சால்தோலைத் தைத்தது யார், கூலியாக அளந்த தானியம் எவ்வளவு, அந்தக் கிணற்றில் யார் குடிக்கக்கூடாது — இந்த மூன்றையும் கேட்டுப் பதிவுசெய்வோம். அதற்கு அரசாணையும் வேண்டாம், அருங்காட்சியகமும் வேண்டாம்.